காருக்குள் பிள்ளையார், காருக்கு வெளியே கொடி

போன ஆவணியில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். "இனிமே செக்கப்புக்கு ஆட்டோவுல குலுங்கிக்கிட்டுப் போக வேணாம்" என்று மகன் பாங்கில் கடன் போட்டு வாங்கினான். கார் வாசலில் வந்து நின்ற ஐந்தாவது நிமிஷமே வீட்டில் மூன்று கட்சிகள் உண்டாகிவிட்டன!

முதல் கட்சி சம்பந்தியம்மா. கையோடு ஒரு கண்ணாடிப் பிள்ளையார் கொண்டு வந்திருந்தார். கனமான பிள்ளையார், கால் கிலோவாவது இருக்கும். அதை டாஷ்போர்டில், மருமகள் உட்காரும் பக்கமாகப் பார்த்துப் பசை போட்டு ஒட்டினார். இரண்டாவது கட்சி என் தம்பி மகன். பானெட் ஓரத்தில் தன் கட்சிக் கொடியைப் பறக்கவிட ஒரு கம்பி வாங்கி வந்திருந்தான். "அத்தை, இது இருந்தா டோல்கேட்டுலகூட மரியாதையாப் பேசுவான்" என்றான். மூன்றாவது கட்சி நான். ஒரே ஆள். டெபாசிட்கூடத் தேறாது போலிருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கார்ப் பைத்தியம். தெருவில் போகும் காரின் சத்தத்தை அடுப்படியில் நின்றபடியே கேட்டு, "சைலன்ஸர் ஓட்டை" என்று சொல்லிவிடுவேன். "உனக்கு நகைக்கடை பிடிக்காதது என் பூர்வ ஜன்மப் புண்ணியம்" என்பார் என் கணவர். ஒர்க்‌ஷாப் பில் வந்ததும் அந்தப் புண்ணியம் தீர்ந்துபோகும்!

பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் அப்பா. 1972-ல் அவர் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். வெளிநாட்டு டிசைன் என்றாலும் நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரானது. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: இரண்டு பக்கத்து மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னால் சாயும். என்ஜின் மூன்று பக்கமும் திறந்து, சாமான் கழுவும் முற்றம்போல வசதியாக இருக்கும். குறுகலான சந்தில்கூட ஒரே வீச்சில் திரும்பும். ஆனால் வளைவில் வேகமாகப் போனால் பின்சக்கரம் மடங்கித் துள்ளும். அந்தத் துள்ளலுக்குப் பயந்தே நான் நிதானமாக ஓட்டக் கற்றுக்கொண்டேன். டாஷ்போர்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு முருகன் படம் மட்டும் இருந்தது. அப்பாவுக்கு அரசியல் உண்டு. மேடை ஏறுகிற அளவுக்கு உண்டு. ஆனால் காரில் கொடி கட்டியதில்லை. கேட்டால், "கார் பேங்குக்குச் சொந்தம், அதுக்கு எந்தக் கட்சியோ!" என்று சிரிப்பார்.

பதினெட்டு வயசில் நான் ஸ்டியரிங் பிடித்தபோது எதிர்வீட்டு மாமி அம்மாவைத் தனியே அழைத்து, "பொம்பளைப் பிள்ளை கிளட்சை மிதிச்சு மிதிச்சு கர்ப்பப்பை இறங்கிடும், பார்த்துக்கோ" என்றார். எனக்கு இரண்டும் சுகப்பிரசவம். மாமியை மறந்தே போயிருந்தேன். 2013-ல் ஒரு செய்தி வந்தது: சவூதி அரேபியாவில் ஒரு மதகுரு, கார் ஓட்டினால் பெண்களின் சினைப்பைக்குக் கெடுதல் என்று சொன்னார். அடடா, நம் எதிர்வீட்டு மாமி அங்கே எப்படிப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்! ஆனால் அங்கே அது சிரிக்கிற விஷயமாக இல்லை. 1990 நவம்பரில் ரியாத் நகரத்தில் 47 பெண்கள் துணிந்து கார் ஓட்டிப் போனார்கள். பிடித்து வைத்து, பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள், சிலருக்கு வேலையும் போயிற்று. 2018 ஜூன் 24-ம் தேதிதான் பெண்கள் ஓட்டலாம் என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. அதிலும் ஒரு வேதனை. அதற்காகப் போராடிய லூஜைன் அல்-ஹத்லூல் என்ற பெண்ணை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கைது செய்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் விடுதலை. ஒரு கார்ச் சாவிக்குள் மதமும் ராஜாங்கமும் எவ்வளவு தூரம் நுழைய முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். சம்பந்தியம்மா பிள்ளையாரை ஒட்டிய இடம் எது தெரியுமா? டாஷ்போர்டில் சின்ன எழுத்தில் 'ஏர்பேக்' என்று அச்சடித்திருக்கிறதே, சரியாக அதன் மேல்!

ஏர்பேக் மெதுவாக ஊதும் பலூன் இல்லை, சகோதரிகளே. கார் பலமாக மோதியதும் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடியைப் பிளந்துகொண்டு வெடித்து விரியும். மூடியின் மேல் என்ன இருந்தாலும், பிள்ளையாரோ, சிலுவையோ, வாசனைத் திரவியப் புட்டியோ, அது முகத்துக்கோ வயிற்றுக்கோ பாயும். நம் நாட்டில் ஓட்டுகிறவர் பக்கத்துக்கு 2019 ஜூலையிலிருந்து இந்தப் பை கட்டாயம். பக்கத்து இருக்கைக்கு 2021-லிருந்து படிப்படியாக வந்தது. அதற்கு முன்பு டாஷ்போர்டில் மொத்தக் குடும்ப தெய்வங்களும் நின்றிருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. இப்போது அப்படி இல்லை.

மருமகளுக்கு இன்னொரு பிடிவாதம். "பெல்ட் போட்டா வயித்தை அழுத்துது அத்தை." பக்கத்து வீட்டில் எல்லோரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். போடத்தான் வேண்டும். முறை தெரிந்து போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது. வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பில் படியட்டும். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி, வயிற்றின் ஓரமாகப் போகட்டும். இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் உண்டு. 2022-ல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் போடாதவர்கள். இதைச் சொன்னதும் மருமகள் போட்டுக்கொண்டாள். அவள் கணக்கு டீச்சர்.

சம்பந்தியம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெண்ணைக் கொடுத்தவர். பெண்ணுக்கும் பேறுகாலத்துக்கும் துணையாக இருக்கட்டும் என்று ஆசையாகக் கொண்டு வந்த சாமி. 'எடுங்க' என்று நான் சொன்னால் மனசு எவ்வளவு நோகும்? சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அப்படியும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க படிச்சவங்க, உங்களுக்கு மெஷின் மேல நம்பிக்கை" என்றார். அன்றைக்குப் பாயசம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

எனக்கும் சாமி மேல் நம்பிக்கை உண்டு. புதுக் காரை எங்கே ஓட்டிப் போனேன் என்கிறீர்கள்? பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குத்தான்! சென்னையில் புது வண்டி வாங்கியவர்கள் அந்த வாசலைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். ஸ்கூட்டரிலிருந்து லாரிவரை வரிசையாக நிற்கும். பூசாரி சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். முனீஸ்வரருக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறவர்களும் உண்டு. எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். பயம் எல்லோருக்கும் ஒன்றுதானே! ஜப்பானில் கவாஸாகி தைஷி என்ற புத்தர் கோயிலில் கார்களுக்கு ஆசீர்வாதம் செய்யவே தனிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கார் செய்கிற நாட்டிலேயே அப்படி என்றால், நாம் எலுமிச்சம்பழம் வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வைக்கிற இடம், நேரம், நிதானம் மட்டும் வேண்டும். 2025 செப்டம்பரில் டெல்லியில் ஒரு ஷோரூமின் முதல் மாடியில் புதுக் கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கப் போய், ஆக்ஸிலேட்டர் பலமாக மிதிபட்டு, கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. ஏர்பேக் விரிந்து, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஓட்டியது பெண் என்பதால் ஊரெல்லாம் கேலி பேசியது. மாடியில் பழம் வைத்தவர்களை யாரும் கேலி பேசவில்லை!

இப்போது ஒரு பாவமன்னிப்பு. 1998-ல் ஆயுத பூஜை அன்று எங்கள் பியட் காருக்குத் திருஷ்டி கழித்து, தெருமுனையில் பூசணிக்காய் உடைத்தது நான்தான். நடுவில் துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் போட்டு, ஓங்கி உடைத்தேன். மறுநாள் விடியற்காலை இருட்டில் பால் போடும் பையன் சைக்கிளில் வந்து அதன் மேல் ஏறி வழுக்கினான். வலது மணிக்கட்டு முறிந்தது. அதே காரில்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பின்சீட்டில் அவன் வலியில் முனகிக்கொண்டு வந்தான். காரின் நெற்றியில் நான் இட்ட சந்தனம் இன்னும் காயவில்லை. அவன் அம்மா ஓடி வந்து என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாமி காரியம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அவன் தம்பி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் பால் போட்டான். என் காருக்கு வரவிருந்த திருஷ்டி அந்தக் குடும்பத்துக்குப் போனது போலத்தான் எனக்குப் பட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பூசணிக்காயைக் காம்பவுண்டுக்குள், ஒரு பழைய அண்டாவுக்குள் உடைக்கிறோம். சத்தம்கூட நன்றாக வருகிறது.

அரசியல் விஷயத்துக்கு வந்தால் என் தம்பி மகனுக்குக் கோபம் வரும், வரட்டும். அரசியல் காரை விட்டுப் பிரியாது என்பது எனக்குத் தெரியும். தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனால் அவருடைய அம்பாஸடர் நிற்கிறது. சாமி படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாமியே இல்லை என்ற பெரியாரும் 1973-ல் காலமாகும்வரை வேனில்தான் ஊர் ஊராகப் போனார். என்.டி. ராமராவ் 1982-ல் ஒரு செவர்லே வண்டியைப் பிரசார ரதமாக மாற்றி, அதன் மேல் நின்று பேசியே ஆந்திராவில் ஆட்சியைப் பிடித்தார். 1990-ல் எல்.கே. அத்வானி சோம்நாத்திலிருந்து கிளம்பியதும் ஒரு டொயோட்டா வண்டியில்தான். கார்ப் பைத்தியத்தின் கண்ணுக்கு அது தகடு அடித்து ஜோடித்த வேன். வழியில் நின்று கும்பிட்டவர்களுக்கு அது தேர். சமஸ்திப்பூரில் அவரைக் கைது செய்தார்கள். அந்த யாத்திரையை ஒட்டிப் பல ஊர்களில் கலவரம் நடந்து உயிர்கள் போயின. வண்டி ஒன்றுதான். அதைத் தேராக்கிவிட்டால் அப்புறம் எதிரே வருகிறவன் வழி கேட்க முடியாது என்பதுதான் என் பயம்.

2019 அக்டோபரில் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங், பிரான்ஸில் ரபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்டபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்தார். நாடு முழுவதும் வாதம் நடந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்கிறீர்களா? என் காருக்கு நான் வைப்பது என் வீட்டு விஷயம். எல்லா மதத்துக்காரர்களின் வரிப்பணத்தில் வாங்கிய விமானத்துக்கு மந்திரியே நின்று வைப்பது அப்படி இல்லை. "அப்போ பஸ் டிப்போவுல வாழைமரம் கட்டி ஆயுத பூஜை போடுறாங்களே, அதுவும் அரசாங்க வண்டிதானே?" என்று கணவர் மடக்கினார். மடக்கிவிட்டார்தான். அந்த டிரைவரும் கண்டக்டரும் வருஷம் முழுக்க அதில் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். அவர்கள் கும்பிடுவதைத் தடுக்க எனக்கு மனசு வராது. இரண்டுக்கும் எங்கே கோடு போடுவது என்று இன்னும் எங்கள் வீட்டில் தீரவில்லை.

கொடி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரில் தேசியக் கொடி பறக்கவிடவே யாருக்கு உரிமை என்று கொடி விதிகளில் பட்டியல் இருக்கிறது: ஜனாதிபதி, கவர்னர், பிரதமர், முதல் மந்திரி, பெரிய நீதிபதிகள் என்று சிலர்தான். நாட்டுக் கொடிக்கே இவ்வளவு கட்டுப்பாடு! சுழலும் சிவப்பு விளக்கையும் 2017 மே 1-ம் தேதியோடு மத்திய அரசு எல்லோருடைய காரிலிருந்தும் எடுத்துவிட்டது. சென்னையில் 2024 மே மாதத்திலிருந்து நம்பர் பிளேட்டில் கண்ட கண்ட ஸ்டிக்கர் ஒட்டினால் அபராதம். இது வெறும் கௌரவப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 2001 டிசம்பர் 13-ம் தேதி பார்லிமெண்டைத் தாக்க வந்த ஐந்து பேர் எதில் வந்தார்கள்? வெள்ளை அம்பாஸடர், மேலே சிவப்பு விளக்கு, முன்கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் ஸ்டிக்கர். எல்லாம் போலி. விளக்குக்கும் ஸ்டிக்கருக்கும் கும்பிடு போட்டுப் பழகினால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் கும்பிடு எனக்கும் ஒரு தரம் கிடைத்தது. பல வருஷத்துக்கு முன்னால் என் மாமியாருக்கு ராத்திரி மூச்சுத் திணறல். எங்கள் பியட் ஒர்க்‌ஷாப்பில். தெரிந்தவரின் காரை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். அதில் ஒரு கட்சிக் கொடி இருந்தது. வழியில் அந்தக் கட்சி ஊர்வலம். தொண்டர்கள் கொடியைப் பார்த்ததும் "நம்ம வண்டி, விடு விடு" என்று கயிற்றைத் தூக்கினார்கள். எனக்குப் பின்னாலேயே ஓர் ஆட்டோ. அதில் ஒரு பெண் பிரசவ வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் கயிறு இறங்கிவிட்டது. கண்ணாடியில் அந்த ஆட்டோவின் விளக்கு அதே இடத்தில் நின்றது தெரிந்தது. மாமியார் பிழைத்தார். இறங்கிப் போய் "அதையும் விடுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாரைக் கேட்பது?

இதைத் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அத்தை, அன்னிக்குக் கொடி இல்லேன்னா பாட்டி என்ன ஆகியிருப்பாங்க?" என்றான். நல்ல கேள்வி. மருமகள்தான் பதில் சொன்னாள்: "நான் இப்போ அந்த ஆட்டோவுல இருக்கேன்னு வெச்சுக்கோ." அவன் ஒன்றும் பேசவில்லை. கம்பியைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

சம்பந்தியம்மா ஆயுத பூஜைக்கு வந்தார். வந்தவர் நேராகக் காருக்குப் போனார். "பத்திரமா எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? உடையக் கூடாது" என்றார். எனக்கு அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பசையில் ஒட்டியதை நெம்பி எடுக்கக் கூடாது, மூடியே கீறிவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் பசையை இளக்கி, தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பை அடியில் விட்டு, ரம்பம் அறுப்பது போல மெல்ல இழுத்தால் வந்துவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். பிள்ளையார் சேதமில்லாமல் வந்தார். அவரைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, கார் ரேடியோவுக்குக் கீழே சின்னதாக ஒரு காகிதப் பிள்ளையார் ஒட்டினார். ஹெட்லைட் கண்ணாடியில் இருந்த குங்குமத்தையும் அவரே ஈரத்துணியால் துடைத்தார். அன்றைக்கு இரண்டு கிண்ணம் பாயசம்!

ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருமகள் நான் சொன்னபடியே பெல்ட் போட்டிருந்தாள். நான்தான் ஓட்டினேன்.

தம்பி மகன் இப்போது தனக்கென்று பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். குழந்தையைப் பார்க்க அதில் வந்தான். பானெட்டில் கொடி இல்லை. கம்பி மட்டும் இருக்கிறது. "இது எதுக்குடா?" என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் அத்தை, தேர்தல் வந்தா பாத்துக்கலாம்" என்கிறான்.